தேர்வு ஒருவருக்கு, பணம் இருவருக்கும்: ஃபுளோரிடாவின் பள்ளிக் கொள்கை

அமெரிக்காவில் பள்ளிக் கல்வி மாநிலங்களின் கையில் இருக்கிறது. பாடத்திட்டம், தேர்வு, ஆசிரியர் தகுதி, பள்ளிக்குப் போய்ச் சேரும் பணம் ஆகியவற்றை மாநிலச் சட்டமன்றமும், அதற்குக் கீழே உள்ளூரில் செயல்படும் பள்ளி வாரியமுமே பெரும்பாலும் முடிவுசெய்கின்றன. வாஷிங்டனிலிருந்து வரும் தொகை மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்கைச் சுற்றித்தான் இருக்கும். ஆகவே கல்வி குறித்த பெரிய சண்டைகள் மாநிலத் தலைநகரங்களில் நடக்கின்றன. கடந்த முப்பது ஆண்டுகளில் அந்தச் சண்டைகள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளைச் சுற்றியே வந்திருக்கின்றன. வரிப்பணத்தில் நடக்கும் பள்ளி, பிள்ளைகளுக்கு உருப்படியாக எதையாவது கற்றுக்கொடுக்கிறதா என்பதை யார், எதைக் கொண்டு அளப்பது என்பது முதல் கேள்வி. அந்தப் பள்ளி பிடிக்காத பெற்றோர், தம் பிள்ளைக்கென ஒதுக்கப்படும் பணத்தோடு வேறொரு பள்ளிக்கு, தனியார் பள்ளியே ஆனாலும், போகலாமா என்பது இரண்டாவது.

இவ்விரண்டும் ஒரே சட்டத்தில், ஒன்றையொன்று தாங்கும்படி பின்னப்பட்ட இடம் ஃபுளோரிடா. பின்னர் ஒன்று மட்டும் கட்டவிழ்ந்து பெருகியதும் மற்றொன்று அரசுப் பள்ளியின் தலையில் மட்டும் தங்கிவிட்டதும் அங்கேதான். இன்று டெக்சாஸும் அரிசோனாவும் வாதிடும் வாதங்களில் பெரும்பகுதியை ஃபுளோரிடா ஏற்கெனவே வாதிட்டு முடித்துவிட்டது என்பதால், அந்த ஒரு மாநிலத்தின் கதையைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயன் தரும்.

பிள்ளைக்கான பணத்தைப் பெற்றோர் தனியார் பள்ளிக்கு எடுத்துச்செல்ல அரசு தரும் உதவித்தொகைதான் வவுச்சர். அந்த யோசனைக்கு இரண்டு பூர்வீகங்கள் உண்டு. பொருளாதாரர் மில்டன் ஃப்ரீட்மன் 1955இல் எழுதிய கட்டுரை ஒன்றில், அரசு பள்ளிகளை நடத்தத் தேவையில்லை, கல்விக்கான பணத்தைப் பெற்றோர் கையில் கொடுத்தால் போதும், போட்டி மற்றதைப் பார்த்துக்கொள்ளும் என்றார். ஏறத்தாழ அதே காலத்தில் தென் மாநிலங்கள் சில, வெள்ளையரும் கறுப்பரும் ஒன்றாகப் படிக்க வேண்டும் என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பைத் தட்டிக்கழிக்க இதே வழியைக் கையாண்டன. வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்டு கவுண்டி 1959இல் தன் அரசுப் பள்ளிகளை அடியோடு மூடியது. வெள்ளைக் குழந்தைகள் தனியார் பள்ளிக்குப் போக உதவித்தொகை கிடைத்தது, கறுப்புக் குழந்தைகளுக்கு 1964 வரை பள்ளியே இல்லை. எதிர்ப்பாளர்கள் இன்றும் இந்த வரலாற்றை எடுத்துவைப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் 1990இல் விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கியில் தொடங்கிய முதல் நவீன வவுச்சர் திட்டத்தைச் சட்டமன்றத்தில் முன்னின்று நிறைவேற்றியவர் பாலி வில்லியம்ஸ் என்ற கறுப்பினப் பெண் உறுப்பினர், அதுவும் ஜனநாயகக் கட்சிக்காரர். தம் தொகுதியின் ஏழைக் குழந்தைகளை அரசுப் பள்ளிகள் கைவிட்டுவிட்டன என்பது அவருடைய குற்றச்சாட்டு. முதலாண்டில் அதில் சேர்ந்தது சில நூறு மாணவர்கள்தான். பிற்காலத்தில், வசதியான குடும்பங்களுக்கும் திட்டத்தை விரித்தபோது அதை வெளிப்படையாக எதிர்த்தவரும் அவரே.

1998இல் குடியரசுக் கட்சியின் ஜெப் புஷ் ஃபுளோரிடாவின் ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். (அங்கே ஆளுநர் என்பவர் மக்கள் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஆட்சித் தலைவர், நம்மூர் ராஜ்பவன் ஆளுநரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) அவர் 1999இல் கொண்டுவந்த 'ஏ பிளஸ்' திட்டத்தின்படி ஒவ்வோர் அரசுப் பள்ளியும், மாணவனின் முன்னேற்ற அட்டையில் இருப்பதுபோல, ஏ முதல் எஃப் வரை ஓர் எழுத்தைத் தரமாகப் பெறும். நான்கு ஆண்டுகளில் இரண்டு முறை எஃப் வாங்கிய பள்ளியின் மாணவர்கள், மேம்பட்ட வேறொரு அரசுப் பள்ளிக்கோ, வவுச்சருடன் தனியார் பள்ளிக்கோ போகலாம். பொறுப்புக்கூறலும் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் இங்கே ஒரு கீலில் மாட்டியிருந்தன: அரசு முதலில் அளக்க வேண்டும், அந்த அளவில் பள்ளி தோற்க வேண்டும், அதன் பிறகுதான் கதவு திறக்கும்.

முதல் கதவு பென்சகோலா நகரில் திறந்தது. ஏ.ஏ. டிக்சன், ஸ்பென்சர் பிப்ஸ் என்ற இரண்டு தொடக்கப் பள்ளிகள் 1999இலேயே இந்த விதிக்குள் வந்தன. ஐம்பது, அறுபது பிள்ளைகள் கத்தோலிக்கப் பள்ளிகளுக்கும் ஒரு மாண்டிசோரிப் பள்ளிக்கும் மாறினர். மேலும் சிலர் வேறு அரசுப் பள்ளிகளுக்குப் போனார்கள். நாடு முழுதும் செய்தியான அந்தத் திட்டத்தின் உண்மையான அளவு அவ்வளவுதான். அடுத்த ஆண்டு புதிதாக எந்தப் பள்ளியும் அந்த வலையில் சிக்கவில்லை. 1999இல் ஏறத்தாழ எண்பதாக இருந்த எஃப் பள்ளிகளின் எண்ணிக்கை 2000இல் விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கியது.

அச்சம் வேலை செய்தது என்று ஆதரவாளர்கள் கொண்டாடினார்கள். எப்படி வேலை செய்தது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அன்றைய விதிப்படி வாசிப்பு, கணக்கு, எழுத்து என்ற மூன்று தேர்வுகளிலும் குறைந்தபட்ச அளவைத் தொடத் தவறிய பள்ளிக்கே எஃப் கிடைக்கும். ஏதேனும் ஒன்றில் கரையேறிவிட்டால் எஃப் இல்லை. மூன்றில் விரைவாகத் தேற்றக்கூடியது எழுத்துத் தேர்வு. ஒரு தலைப்பு, ஒரு முன்னுரை, காரணங்களுக்குப் பத்திகள், ஒரு முடிவுரை என்ற அச்சில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளைச் சில மாதங்கள் பழக்கினால் மதிப்பெண் ஏறிவிடும். பல பள்ளிகள் அதைத்தான் செய்தன. இதை ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது, ஏனென்றால் பிள்ளைகள் எழுதக் கற்றார்கள். ஆனாலும் ஒரு பள்ளி 'தேறியது' என்ற தலைப்புச் செய்திக்கும், அதன் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் ஒரே வகைக் கட்டுரையைப் பழகினார்கள் என்ற நடப்புக்கும் இடையே இருக்கும் தூரம் பெரியது.

ஆய்வாளர்கள் பிறகு இதை நிதானமாக அலசினார்கள். பொருளாதாரர் டேவிட் ஃபிக்லியோவும் அவருடன் சேர்ந்தவர்களும் செய்த ஆய்வுகளின் முடிவுகள் இரு தரப்பையும் முழுதாகத் திருப்திப்படுத்துபவை அல்ல. எஃப் வாங்கிய பள்ளிகள் வகுப்பு நேரத்தையும் பின்தங்கிய மாணவர்களுக்கான கவனிப்பையும் உண்மையாகவே மாற்றிக்கொண்டன, அதனால் வந்த முன்னேற்றத்தில் ஒரு பகுதி பின்னரும் நிலைத்தது. அதே சமயம், அந்த முன்னேற்றத்தில் வவுச்சர் அச்சத்தின் பங்கைவிட 'எஃப் பள்ளி' என்று ஊரறியப் பெயர்பட்ட அவமானத்தின் பங்கே கூடுதலாக இருந்திருக்கலாம் என்பதும் தெரியவந்தது. தவறு செய்த மாணவர்களைத் தேர்வுக் காலத்தில் இடைநீக்கம் செய்யும்போது, மதிப்பெண் குறைவாக வாங்கக்கூடிய பிள்ளைக்கு நீண்ட நாளும், நன்றாகப் படிக்கும் பிள்ளைக்குக் குறைந்த நாளும் கொடுத்த பள்ளிகள் இருந்தன. கெய்ன்ஸ்வில் நகரப் பகுதியில் பள்ளியின் எழுத்துத் தரம் (ஏ முதல் எஃப் வரை) வெளியானதும், அந்தப் பள்ளிக்குரிய தெருக்களில் வீட்டு விலை அசைந்தது. அமெரிக்காவில் எந்த அரசுப் பள்ளியில் படிப்பது என்பதைப் பெரும்பாலும் வீட்டு முகவரியே தீர்மானிக்கிறது. அதனால் வசதியுள்ளவர் வவுச்சர் வருவதற்கு வெகு முன்பிருந்தே, வீடு வாங்கும்போதே பள்ளியையும் தேர்ந்தெடுத்துவந்தார் என்பதை இந்த விவாதத்தில் இரு தரப்பும் அடிக்கடி மறந்துவிடுகின்றன.

தர அட்டையின் கணக்கு பின்னர் செப்பமானது. 2002 முதல், ஒரு மாணவர் சென்ற ஆண்டைவிட எவ்வளவு முன்னேறினார் என்பதும், வகுப்பின் அடித்தட்டில் இருக்கும் 25 சதவீத மாணவர்கள் எவ்வளவு முன்னேறினார்கள் என்பதும் கணக்கில் சேர்ந்தன. ஏழைப் பிள்ளைகள் நிறைந்த பள்ளியும் ஏ வாங்க ஒரு வழி இதனால் உண்டானது. ஆனால் அளவுகோலைக் கையில் வைத்திருப்பவர் அதை நினைத்தபோது நீட்டிக் குறைக்கவும் முடியும். 2012இல் எழுத்துத் தேர்வின் திருத்தும் முறையைக் கடுமையாக்கியதும், நான்காம் வகுப்பில் தேறியவர் விகிதம் ஒரே ஆண்டில் 81 சதவீதத்திலிருந்து 27 சதவீதமாகச் சரிந்தது. மாநிலக் கல்வி வாரியம் அவசரக் கூட்டம் போட்டுத் தேர்ச்சி அளவை நான்கிலிருந்து மூன்றாகக் குறைத்தது. மாணவர்களின் எழுத்து ஓராண்டில் அவ்வளவு கெட்டுப்போகவும் இல்லை, வாரியத்தின் ஒரு தீர்மானத்தால் அது சரியாகவும் இல்லை. மறு ஆண்டே, மாநிலக் கல்வி ஆணையர் டோனி பென்னெட் பதவி விலக நேர்ந்தது. முன்பு இண்டியானாவில் அதே வகைப் பதவியில் இருந்தபோது, கட்சி நன்கொடையாளர் ஒருவர் நிறுவிய சார்ட்டர் பள்ளியின் (அரசுப் பணத்தில், தனி நிர்வாகத்தின் கீழ் நடக்கும் பள்ளி) தரம் சி-யிலிருந்து ஏ-வுக்கு ஏறும்படி கணக்கீட்டு முறை மாற்றப்பட்டதை அவருடைய மின்னஞ்சல்கள் காட்டின. மாற்றம் வேறு பள்ளிகளுக்கும் பொருந்தியது, அதற்குக் காரணமும் சொல்ல முடிந்தது என்று பின்னர் நடந்த மறுஆய்வு கூறியது. ஆனால் எழுத்துத் தரத்தின் மீது விழுந்த சந்தேகம் அதோடு போய்விடவில்லை.

இதற்கிடையில் வவுச்சர் நீதிமன்றம் ஏறியிருந்தது. 'புஷ் எதிர் ஹோம்ஸ்' வழக்கில் 2006 ஜனவரியில் ஃபுளோரிடா உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் எஃப் பள்ளி வவுச்சரை ரத்து செய்தது. 1998இல் வாக்காளர்களே திருத்திய மாநில அரசியலமைப்பின் பிரிவு, ஒரேசீரான, உயர்தரமான, இலவச அரசுப் பள்ளி அமைப்பை மாநிலம் நடத்த வேண்டும் என்கிறது. அரசுப் பள்ளிக்குரிய பாடத்திட்டமோ தேர்வோ ஆசிரியர் தகுதி விதியோ பொருந்தாத பள்ளிகளுக்கு அந்தப் பணத்தைத் திருப்புவது 'ஒரேசீர்' என்பதை உடைக்கிறது என்று தலைமை நீதிபதி பார்பரா பாரியென்ட் எழுதினார். அப்போது அந்த வவுச்சரைப் பயன்படுத்தியவர்கள் எழுநூறுக்கும் சற்று மேற்பட்ட மாணவர்களே.

அந்தத் தீர்ப்பின் விளைவு விசித்திரமானது. அரசுப் பள்ளி தோற்றால் மட்டுமே கொடுக்கப்படும் ஒரே வவுச்சர்தான் ஒழிந்தது. பள்ளியின் தரத்துக்கும் தமக்கும் தொடர்பே இல்லாத வேறு இரண்டு திட்டங்கள் அப்போது ஓசையின்றி வளர்ந்துகொண்டிருந்தன. ஒன்று, மாற்றுத்திறன் மாணவர்களுக்கான மெக்கே உதவித்தொகை. மற்றொன்று, 2001இல் சட்டமான வரிச்சலுகை உதவித்தொகை. அதன்படி நிறுவனம் ஒன்று அரசுக்குக் கட்ட வேண்டிய வரிக்குப் பதிலாக அதே தொகையை ஓர் அறக்கட்டளைக்கு நன்கொடையாகக் கொடுக்கலாம். அறக்கட்டளை அதை ஏழை மாணவர்களின் தனியார் பள்ளிக் கட்டணமாகக் கொடுக்கும். பணம் கருவூலத்தில் நுழையவே இல்லை, ஆகவே அது அரசுப் பணம் அல்ல என்பது வாதம். ஆசிரியர் சங்கம் தொடுத்த வழக்கு, வழக்குத் தொடுக்கும் தகுதியே அவர்களுக்கு இல்லை என்று தள்ளுபடியாகி, 2017இல் முடிந்துபோனது. வரியாக வந்திருக்க வேண்டிய பணத்தை வாசலிலேயே திருப்பி அனுப்பினால் அது யாருடைய பணம் என்ற கேள்வியின் சாரத்துக்குள் நீதிமன்றம் நுழையவில்லை.

2019 தொடக்கத்தில் மாநில உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் வயது வரம்பால் ஓய்வுபெற, அவர்களுள் பாரியென்டும் ஒருவராக இருக்க, புதிய ஆளுநர் ரான் டிசாண்டிஸ் பதவியேற்ற சில வாரங்களில் மூன்று இடங்களையும் நிரப்பினார். அதே ஆண்டில் மாநில வரவுசெலவுத் திட்டத்திலிருந்தே நேரடியாகப் பணம் கொடுக்கும் புதிய வவுச்சர் சட்டமானது. 2023 மார்ச்சில் கையெழுத்தான சட்டம் வருமான வரம்பை முழுவதும் நீக்கியது: கோடீஸ்வரர் வீட்டுப் பிள்ளைக்கும் ஆண்டுக்குச் சுமார் 8,000 டாலர். அது பள்ளிக் கட்டணத்துக்கு மட்டுமான தொகையும் அல்ல. பாடநூல், தனிப்பயிற்சி, கருவிகள் என்று செலவிடக்கூடிய கணக்கு. அறக்கட்டளை வெளியிட்ட அனுமதிப் பட்டியலில் தொலைக்காட்சிப் பெட்டியும், துடுப்புப் பலகையும், கேளிக்கைப் பூங்கா நுழைவுச்சீட்டும் இருந்தது கேலிக்கு உள்ளானது. முதலாண்டில் புதிதாகச் சேர்ந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு மேல் ஏற்கெனவே தனியார் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தவர்கள். இன்று ஏறத்தாழ ஐந்து லட்சம் மாணவர்கள் இந்தத் திட்டங்களுக்குள் இருக்கிறார்கள். செலவு ஆண்டுக்கு 300 கோடி டாலரைத் தாண்டுகிறது. பென்சகோலாவின் இரண்டு பள்ளிகளில் தொடங்கியபோது கதவைத் திறந்த சாவி அரசுப் பள்ளியின் தோல்வி. இப்போது சாவியே தேவையில்லை. ஏ வாங்கிய பள்ளியின் வாசலிலும் அதே தொகை காத்திருக்கிறது.

பொறுப்புக்கூறல் என்னவாயிற்று? அரசுப் பள்ளிக்கும் சார்ட்டர் பள்ளிக்கும் மாநிலத் தேர்வு உண்டு, எழுத்துத் தரம் உண்டு, மூன்றாம் வகுப்பில் வாசிப்புத் தேர்வில் தவறினால் அதே வகுப்பில் நிறுத்திவைக்கும் 2002ஆம் ஆண்டுச் சட்டமும் உண்டு. வவுச்சர் பெறும் தனியார் பள்ளிக்கு இவை எதுவும் இல்லை. மாணவர்களுக்குத் தேசிய அளவிலான ஏதேனும் ஒரு பொதுத் தேர்வை வைக்க வேண்டும் என்பது மட்டும் பெரும்பாலான வவுச்சர் மாணவர்களுக்குப் பொருந்தும். ஆனால் எந்தத் தேர்வு என்பதைப் பள்ளி தேர்ந்தெடுக்கலாம், முடிவை வைத்து பள்ளிக்குத் தரமும் இடப்படாது. ஆசிரியருக்கு மாநிலச் சான்றிதழ் கட்டாயம் இல்லை. பட்டமோ, மூன்றாண்டு அனுபவமோ, தனித் திறமையோ இருந்தால் போதும். ஒர்லாண்டோ நகர நாளிதழ் ஒன்று 2017இல் நடத்திய புலனாய்வு, போலித் தீயணைப்புச் சான்றுகளைக் காட்டிய பள்ளிகளையும், குற்றப் பின்னணி உள்ளவர்களை வேலைக்கு வைத்த பள்ளிகளையும் கண்டறிந்தது.

ஆதரவாளர்களின் பதில் எளிதாகத் தள்ளக்கூடியது அல்ல. பெற்றோரின் காலே பொறுப்புக்கூறல் என்கிறார்கள் அவர்கள்: பிடிக்காத பள்ளியை விட்டு நாளையே வெளியேற முடியும் என்பதைவிடக் கடுமையான கண்காணிப்பு எது? எழுத்துத் தேர்வுக்காகவே பிள்ளைகளைப் பழக்கியதும், தேர்ச்சி அளவை ஒரே கூட்டத்தில் மாற்றியதும் அரசின் அளவுகோல்தானே? இதில் உண்மை உண்டு. ஆனால் வெளியேறும் பெற்றோருக்கு, போகப்போகும் இடத்தைப் பற்றிய தகவல் வேண்டும்; பக்கத்துப் பள்ளியோடு ஒப்பிட ஓர் அளவு வேண்டும். ஒரு பக்கத்தில் எழுத்துத் தரமும் மறுபக்கத்தில் விளம்பரத் துண்டறிக்கையும் இருக்கும் சந்தையில் பெற்றோர் ஒப்பிடுவது எதை? மேலும், அந்தப் பணத்தைக் கட்டுகிறவர்களில் பள்ளி வயதுப் பிள்ளை இல்லாதவர்களே அதிகம். அவர்களுக்கு வெளியேறும் கதவு கிடையாது. அவர்களுக்குப் பதில் சொல்லும் பொறுப்பைப் பெற்றோரின் திருப்தியைக் கொண்டு ஈடுகட்டிவிட முடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

அளப்பதால் என்ன தெரியவரும் என்பதற்கு லூசியானா ஓர் எடுத்துக்காட்டு. அங்கே வவுச்சர் மாணவர்களும் அரசுப் பள்ளி மாணவர்கள் எழுதும் அதே தேர்வை எழுத வேண்டும் என்று விதி இருந்தது. இடம் குலுக்கல் முறையில் ஒதுக்கப்பட்டதால் ஒப்பீடும் நம்பகமாக அமைந்தது. வவுச்சர் பெற்றுப் போன மாணவர்களின் கணக்கு மதிப்பெண் தெளிவாகச் சரிந்ததை 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்தக் கடும் விதிகளே நல்ல தனியார் பள்ளிகளை விரட்டிவிட்டன, மூன்றில் ஒரு பங்குப் பள்ளிகள்தான் திட்டத்தில் சேர்ந்தன, சேர்ந்தவையும் மாணவர் கிடைக்காமல் திண்டாடியவை என்று ஆதரவாளர்கள் விளக்கம் சொன்னார்கள். அது சரியாகவே இருக்கலாம். ஆனால் அப்படி வாதிடுவதற்கான தரவு லூசியானாவில் இருந்தது. ஃபுளோரிடாவில் கிடைத்த ஆய்வுகள் வேறு திசையில், ஓரளவு நம்பிக்கை தருபவை: வரிச்சலுகை உதவித்தொகை பெற்றவர்கள் கல்லூரியில் சேரும் விகிதம் சற்றுக் கூடியது, தனியார் போட்டி அருகில் இருந்த அரசுப் பள்ளிகளின் மதிப்பெண்ணும் சிறிது உயர்ந்தது. இவை ஏழைகளுக்கு மட்டுமான காலத்துத் திட்டத்தைப் பற்றியவை. வருமான வரம்பில்லாத இன்றைய திட்டத்துக்கு அந்த முடிவுகளைச் சான்றாகக் காட்டுவது நேர்மையாகாது.

2023க்குப் பிறகு விவாதம் எதிர்பாராத ஒரு திருப்பம் கண்டது. தனியாருக்கு இல்லாத விதிகள் எங்களுக்கு மட்டும் ஏன் என்று அரசுப் பள்ளி நிர்வாகிகள் கேட்கத் தொடங்கினர். ஒரே களத்தில் போட்டி என்றால் ஒரே சுமைதானே இருக்க வேண்டும் என்ற அந்தக் கேள்வியை மாநில செனட் காதில் வாங்கிக்கொண்டது. உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழுக்கான கட்டாயத் தேர்வுகளையும், மூன்றாம் வகுப்பு நிறுத்திவைப்பையும் தளர்த்தும் யோசனைகள் அங்கே எழுந்தன. அவற்றைப் பகிரங்கமாக எதிர்த்தவர்களுள் ஜெப் புஷ்ஷும் ஒருவர். கீழவை இசையாததால் அந்தப் பகுதிகள் கைவிடப்பட்டன. காகித வேலைகளைக் குறைக்கும் சில சட்டங்கள் மட்டும் 2024இல் நிறைவேறின. தேர்வையும் வவுச்சரையும் சேர்த்தே கொண்டுவந்தவர், வவுச்சர் வென்ற பிறகு தேர்வைக் காப்பாற்றத் தம் கட்சியினரிடமே வாதாட வேண்டியிருந்தது.

வாக்காளர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது சட்டமன்றங்களின் போக்கோடு ஒத்துப்போவதில்லை. 2024 நவம்பரில் கென்டக்கி, நெப்ராஸ்கா, கொலராடோ ஆகிய மூன்று மாநிலங்களில் இந்தக் கேள்வி நேரடி வாக்கெடுப்புக்கு வந்து, மூன்றிலும் வவுச்சர் தரப்பு தோற்றது. முதல் இரண்டும் அதே நாளில் டிரம்ப்புக்குப் பெருவாரியாக வாக்களித்தவை. கிராமப்புறங்களில் தனியார் பள்ளியே இருக்காது, அரசுப் பள்ளிதான் ஊரின் பெரிய வேலைகொடுப்பவர் என்பது அதற்கு ஒரு காரணம். டெக்சாஸில் இதே கிராமப்புறக் குடியரசுக் கட்சி உறுப்பினர்கள்தான் 2023இல் வவுச்சரைத் தோற்கடித்தார்கள். ஆளுநர் கிரெக் ஆபட் அடுத்த ஆண்டு உட்கட்சித் தேர்தலில் அவர்களில் பலரைத் தோற்கடிக்கப் பணமும் ஆளும் இறக்கினார். 2025 மே மாதம் நூறு கோடி டாலர் வவுச்சர் சட்டம் கையெழுத்தானது.

அந்த டெக்சாஸில் அரசுப் பள்ளிகளின் ஏ முதல் எஃப் தரம், கணக்கீட்டு முறையை எதிர்த்து பள்ளி மாவட்டங்கள் தொடுத்த வழக்குகளால் இரண்டு ஆண்டுகள் முடங்கிக் கிடந்து, 2025இல்தான் வெளியானது. வவுச்சர் 2026-27 கல்வியாண்டில் தொடங்குகிறது. அதைப் பெறும் மூன்றாம் வகுப்பு முதலான மாணவர்கள் தேசியப் பொதுத் தேர்வையோ மாநிலத் தேர்வையோ எழுத வேண்டும் என்று ஃபுளோரிடாவைப் போலவே விதி வைத்திருக்கிறார்கள். அரசுப் பள்ளிகளுக்கான தேர்வோ 2027-28இல் முற்றிலும் மாறப்போகிறது: ஆண்டிறுதித் தேர்வு ஒன்றுக்குப் பதிலாக ஆண்டுக்கு மூன்று சிறு தேர்வுகள். எனவே எஃப் பள்ளியிலிருந்து தனியார் பள்ளிக்கு மாறிய பிள்ளை முன்னேறியதா என்று யாரேனும் கேட்டால், மாறுவதற்கு முன் எழுதிய தேர்வும் மாறிய பின் எழுதிய தேர்வும் பெரும்பாலும் வெவ்வேறாகவே இருக்கும்.